வெளிக்கோட்டில் நின்ற 'டிராகன்'

"மாமா, லெப்ரான் ஜேம்ஸை ஒரு முழு ஆட்டமும் திணறடிச்ச குழு எது தெரியுமா?"

அக்கா மகன் கேட்டபோது நான் மடிக்கணினியில் வேலையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு, மணி பதினொன்று. என் குழுவில் ஒருவர் வெள்ளிக்கிழமை அனுப்பிய அறிக்கையை வரிக்கு வரி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். போன ஆண்டுதான் ஏழு பேருக்குத் தலைவனாக ஆக்கினார்கள். அதுவரை தனி ஆளாக வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்தவன் நான். தலைவனான பிறகும் அந்த ஏழு பேரின் வேலையையும் நானே செய்துகொண்டிருந்தேன். என் கை சும்மா இருக்க மறுத்தது.

பையனுக்கு விடை தெரியவில்லை என்று சொன்னேன். அவன் கைத்தொலைபேசியை நீட்டினான். 2006 செப்டம்பர் 1, ஜப்பானின் சைத்தாமா நகரம், உலகக் கிண்ணக் கூடைப்பந்து அரையிறுதி. கிரேக்கம் 101, அமெரிக்கா 95.

பாதி ஆட்டத்தைப் பார்த்ததும் என் கண் ஆட்டக்காரர்களைவிட்டு நகர்ந்துவிட்டது. கிரேக்கக் குழுவின் பக்கத்தில், வெளிக்கோட்டை ஒட்டி ஒருவர் நின்றிருந்தார். பனயோட்டிஸ் யானாக்கிஸ், அந்தக் குழுவின் பயிற்றுநர். அவர் யார் என்று தேடத் தொடங்கியவன் அன்றிரவு அறிக்கையைத் தொடவே இல்லை.

யானாக்கிஸ் 1959 சனவரி முதல் நாள் பிறந்தவர். ஊர் நிக்கையா. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸை ஒட்டிய புறநகர். 1922-ல் சின்ன ஆசியாவிலிருந்து விரட்டப்பட்ட கிரேக்க அகதிகள் வந்து குடியேறி உருவாக்கிய பகுதி அது, உழைப்பாளிகளின் ஊர். அங்குள்ள ஐயோனிகோஸ் என்ற சிறிய மன்றத்தில்தான் அவர் ஆடத் தொடங்கினார். ஆறடி மூன்று அங்குலத்துக்குப் பக்கமான உயரம். கூடைப்பந்தில் அது பெரிய உயரம் இல்லை. ஆனால் தோள் அகலமும் முரட்டுப் பிடிவாதமும் உண்டு. ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டிராகன்'.

1981 சனவரி 24-ஆம் தேதி நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்லாமல் இவர் கதையைச் சொல்ல முடியாது. ஐயோனிகோஸும் தெசலோனிக்கி நகரின் ஆரிஸ் மன்றமும் மோதின. ஆரிஸில் நிக்கோஸ் காலிஸ் ஆடினார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கிரேக்கக் குடியேறிகளுக்குப் பிறந்து, அங்கே பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆடிவிட்டு, தாய்நாட்டுக்கு வந்து புயலைக் கிளப்பிக்கொண்டிருந்தவர். அன்று காலிஸ் எடுத்தது 62 புள்ளிகள். யானாக்கிஸ் எடுத்தது 73. ஐயோனிகோஸ் 114-113 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றது. மூன்று புள்ளிக் கோடு அப்போது பன்னாட்டுக் கூடைப்பந்தில் வரவே இல்லை, 1984-ல்தான் வந்தது. அந்த 73-ல் ஒவ்வொரு கூடையும் இரண்டிரண்டு புள்ளி, அல்லது தவறுக்குக் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி. பையனிடம் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தான்.

1982-ல் அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் தன் ஆள்தேர்வில் யானாக்கிஸின் பெயரையும் சேர்த்தது, ஒன்பதாம் சுற்றில். காலிஸையும் அதே செல்டிக்ஸ்தான் 1979-ல் தேர்ந்தெடுத்திருந்தது. இருவரும் என்பிஏ-வில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அந்தக் காலத்து விதி கடுமையானது. என்பிஏ-வில் ஆடியவர் தன் நாட்டுக்காக ஆட முடியாது. 1989-ல்தான் அந்தத் தடை நீங்கியது. யானாக்கிஸ் நாட்டுக்காக ஆடியது 351 ஆட்டங்கள். எடுத்தது 5,301 புள்ளிகள். அமெரிக்காவில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு எண்களும் இருந்திருக்காது.

1984-ல் ஒரு திருப்பம். 73 எடுத்தவர், 62 எடுத்தவரின் மன்றத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இரண்டு பேரும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவர்கள். பந்தோ ஒன்றுதான். ஒருவர் விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுத்தவர் யானாக்கிஸ். புள்ளி எடுக்கும் வேலையைக் காலிஸிடம் விட்டுவிட்டு, பந்தைக் கொண்டுவருவது, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பது, எதிரணியின் சிறந்த தாக்குதல்காரரைக் கட்டிப்போடுவது என்று மற்ற வேலைகளை எடுத்துக்கொண்டார். அவர் பின்னாளில் பயிற்றுநரானதைப் பற்றி எழுதுபவர்கள் 1997-லிருந்து தொடங்குகிறார்கள். 1984-லேயே அவர் அந்த வேலையைத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்துக்குள் இருந்துகொண்டே தன் ஆட்டத்தைவிடப் பெரிய ஒன்றைப் பார்க்கப் பழகிய ஆண்டு அது.

பலன் உடனே தெரிந்தது. 1985 முதல் 1991 வரை தொடர்ந்து ஏழு முறை ஆரிஸ் கிரேக்க லீக்கை வென்றது. ஐரோப்பிய மன்றக் கிண்ணத்தின் இறுதி நால்வர் சுற்றுக்கு 1988, 1989, 1990 என்று வரிசையாக மூன்று முறை போனது. மூன்று முறையும் அரையிறுதியிலேயே தோற்றது. அந்தக் கிண்ணம் ஆரிஸுக்குக் கிடைக்கவே இல்லை.

நாட்டுக்குக் கிடைத்தது வேறு. 1987 சூன் 14, பிரேயஸின் 'அமைதி, நட்பு' அரங்கம். ஐரோப்பிய வெற்றியாளர் போட்டியின் இறுதியாட்டம். எதிரே சோவியத் யூனியன். அரையிறுதியில் டிராசன் பெட்ரோவிச் ஆடிய யூகோஸ்லாவியாவை 81-77 என்று சாய்த்துவிட்டு வந்திருந்தது கிரேக்கம். இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. 101-101. நான்கு வினாடிகள் மீதமிருக்க, ஆர்கிரிஸ் கம்பூரிஸ் இரண்டு ஃபிரீ த்ரோக்களையும் போட்டார். 103-101. காலிஸ் மட்டும் 40 புள்ளிகள். குழுத்தலைவராகக் கிண்ணத்தை வாங்கியவர் யானாக்கிஸ்.

அதுவரை கிரேக்கம் காற்பந்து நாடு. அதன் பிறகு பள்ளித் திடல்களிலும் சந்து முனைகளிலும் கூடைகள் முளைத்தன. அந்தக் கூடைகளின் கீழே வளர்ந்த பிள்ளைகள் இந்தக் கதையில் மறுபடி வருவார்கள்.

1989-ல் வெள்ளி. 1993-ல், காலிஸ் போன பிறகு, ஆரிஸுடன் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணம். பிறகு பனாதினைக்கோஸ் மன்றம். 1996-ல் பாரிஸில் ஐரோப்பிய மன்றக் கிண்ண இறுதியாட்டம். எதிரே பார்சலோனா. யானாக்கிஸுக்கு வயது 37. கடைசி வினாடிகளில் பனாதினைக்கோஸ் 67-66 என்று முன்னிலை. பந்து மூத்தவர் கையில். ஐரோப்பாவிலேயே அதிக அனுபவமுள்ள கை. அந்தக் கை வழுக்கியது. அவர் தடுமாறிப் பந்தை இழக்க, பார்சலோனாவின் மொன்டேரோ ஆளில்லாத கூடையை நோக்கி ஓடினார். பின்னாலிருந்து திடலின் முழு நீளத்தையும் கடந்து வந்த குரோவேஷிய நெட்டையர் ஸ்டோய்கோ விரான்கோவிச், பந்து கூடையில் விழும் முன் தட்டிவிட்டார். பனாதினைக்கோஸ் வென்றது. அந்தத் தட்டல் முறையானதா என்று பார்சலோனா ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. யானாக்கிஸின் ஆட்டவாழ்வின் மிகப் பெரிய மன்ற வெற்றி, அவர் செய்த தவற்றை இன்னொருவர் துடைத்ததால் வந்தது. அந்த ஆண்டே அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பெற்ற கிரேக்கக் குழுவில் ஆடி முடித்து, காலணியைக் கழற்றினார்.

காலிஸ் பயிற்றுநர் வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கிரேக்கர்களுக்குப் பிடித்த தேநீர்க்கடைப் பேச்சாக இருக்கலாம். யானாக்கிஸோ மூச்சுகூட விடவில்லை. 1997-ல் தேசியக் குழுவின் பயிற்றுநர். நேற்றுவரை கூட ஆடியவர்களுக்கு இன்று கட்டளை இட வேண்டும். ஐரோப்பியப் போட்டியில் நான்காம் இடம். 1998-ல் சொந்த ஊர் ஏதென்ஸில் நடந்த உலகக் கிண்ணத்திலும் நான்காம் இடம். இரண்டு முறையும் பதக்கத்துக்கு ஒரு படி கீழே. பதவி போனது.

அவர் அடுத்து எடுத்த வேலைதான் எனக்குப் பிடித்தது. 2002-ல் ஏதென்ஸின் மரூசி என்ற நடுத்தர மன்றம். பெரிய பணம் இல்லை, பெரிய பெயர் இல்லை. பெரிய மன்றங்கள் நட்சத்திரங்களை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தபோது, இங்கே இருப்பவர்களை வளர்த்துத்தான் ஆக வேண்டும். 2004-ல் மரூசி கிரேக்க லீக்கின் இறுதிவரை போனது. அங்கே லாரிசா நகரிலிருந்து வந்த ஓர் இளைஞர் இருந்தார். பயமில்லாமல் கூடையை நோக்கிப் பாய்பவர். பெயர் வசிலிஸ் ஸ்பனூலிஸ். 1987-ல் அவருக்கு ஐந்து வயது.

2004-ல் தேசியக் குழு மறுபடி யானாக்கிஸைக் கூப்பிட்டது. மறு ஆண்டு பெல்கிரேட் நகரில் ஐரோப்பியப் போட்டி. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக, கடைசி நிமிடத்துக்குள் வந்தும் ஏழு புள்ளிகள் பின்தங்கியிருந்தது கிரேக்கம். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தொலைக்காட்சியை அணைத்திருப்பார்கள். சில வினாடிகள் மீதமிருக்க டிமிட்ரிஸ் தியாமந்திதிஸ் மூன்று புள்ளி எறிதலைப் போட்டார். 67-66. இறுதியில் டிர்க் நோவிட்ஸ்கியின் ஜெர்மனியை 78-62 என்று வென்றார்கள். 18 ஆண்டுகளுக்கு முன் ஆட்டக்காரராக வாங்கிய அதே தங்கத்தை, யானாக்கிஸ் பயிற்றுநராக வாங்கினார்.

இனி சைத்தாமா.

அமெரிக்கக் குழுவில் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆண்டனி, கிறிஸ் பால், டுவைட் ஹோவர்ட். பயிற்றுநர் மைக் ஷிஷெவ்ஸ்கி, அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் பெரிய பெயர். கிரேக்கக் குழுவில் அப்போது என்பிஏ-வில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. ஸ்பனூலிஸ் மட்டும் அந்தப் போட்டி முடிந்ததும் ஹூஸ்டனுக்குப் போகவிருந்தார்.

இரண்டாம் பாகத்தில் அமெரிக்கா 12 புள்ளிகள் முன்னே போனது. அப்போது நான் யானாக்கிஸின் முகத்தைப் பார்த்தேன். கத்தவில்லை. திட்டத்தை மாற்றியதாகவும் தெரியவில்லை. கிரேக்கர்கள் ஒரே ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கூடைப்பந்து தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய உருவம் வந்து, பந்து வைத்திருப்பவரைக் காவல் காப்பவரின் வழியில் சுவர்போல நிற்கும். பந்துக்காரர் அந்தச் சுவரை உரசிக்கொண்டு ஓடுவார். இப்போது எதிரணியின் இரண்டு காவலாளிகளுக்கும் குழப்பம்: யார் யாரைப் பிடிப்பது? இரண்டு பேரும் பந்துக்காரரைத் துரத்தினால் சுவராக நின்றவர் திரும்பிக் கூடைக்கு ஓடுவார். அவரைப் பிடிக்கப் போனால் பந்துக்காரர் உள்ளே புகுவார். 'பிக் அண்ட் ரோல்' என்பார்கள். உலகில் எல்லாப் பள்ளிக் குழுவும் ஆடுவதுதான்.

அதை ஆடிய விதத்தில்தான் விஷயம். பந்துக்காரர் தியோடோரோஸ் பாபலூக்காஸ். தன் வாழ்வின் பெரும் பகுதியை மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தே கழித்து, அதிலேயே ஐரோப்பாவின் சிறந்தவர்களில் ஒருவரானவர். சுவர், சோஃபோக்லிஸ் ஸ்கோர்ட்சானிட்டிஸ். 'பேபி ஷாக்' என்று செல்லப்பெயர் கொண்ட மலை. அமெரிக்கர்கள் உலகின் மிகச் சிறந்த உடல்களை வைத்திருந்தார்கள். இந்த இருவருக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. பாபலூக்காஸ் கொடுத்த பந்துகளில் 12 நேரடியாகக் கூடையானது. ஸ்கோர்ட்சானிட்டிஸ் 14 புள்ளிகள். ஸ்பனூலிஸ் 22. இடைவேளையில் கிரேக்கம் 45-41. மூன்றாம் பாகத்தில் வித்தியாசம் 14 வரை போனது. எறிந்ததில் 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விழுந்தது.

ஆட்டம் முடிந்து நிருபர்களிடம் பேசியபோது, ஷிஷெவ்ஸ்கி கிரேக்க ஆட்டக்காரர்களைப் பெயரால் அல்ல, சட்டை எண்ணால் குறிப்பிட்டார். அது அவர்களை அவமதிக்க அல்ல என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த எண்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று வெளிக்கோட்டின் மறுபக்கம் நின்றவருக்குத் தெரியும். சிலரைப் பையன்களாகவே தெரியும். அமெரிக்கா அதற்குப் பிறகு உலகக் கிண்ணத்திலோ ஒலிம்பிக்கிலோ தோற்க 13 ஆண்டுகள் ஆயின.

இங்கேயே நிறுத்தினால் இது விளம்பரம் ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து இறுதியாட்டம். ஸ்பெயின் தன் மிகப் பெரிய நட்சத்திரம் பாவ் கசோல் இல்லாமல் வந்தது. காயம். கிரேக்கம் எடுத்தது 47 புள்ளிகள். ஸ்பெயின் 70. அந்த ஆட்டத்தையும் பார்த்தேன். அமெரிக்காவைக் குழப்பிய அதே ஆட்டம்தான். ஸ்பெயின் குழம்பவில்லை. யானாக்கிஸிடம் இரண்டாவது விடை இருந்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகும் மேடு பள்ளம்தான். 2007-ல் ஐரோப்பியப் போட்டியில் மறுபடி நான்காம் இடம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். ஒலிம்பியாக்கோஸ் மன்றம் அவரிடம் பெரும் பணத்தில் வாங்கிய குழுவை ஒப்படைத்தது. 2010-ல் ஐரோப்பிய இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். பார்சலோனா 86-68 என்று வென்றது. பிரான்சின் லிமோஜ். பிறகு நம் பக்கம் வந்தார், சீனத் தேசியக் குழுவுக்கு. 2013-ல் மணிலாவில் நடந்த ஆசியப் போட்டியில், ஆசியாவின் பேரரசாக இருந்த சீனா காலிறுதியில் தைவானிடம் 96-78 என்று தோற்று, அடுத்த உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறாமல் போனது. மொழி தெரியாத ஊரில், தான் வளர்க்காத பிள்ளைகளோடு, குறுகிய காலத்தில் எதையும் கட்ட முடியவில்லை. பின்னாளில் ஆரிஸுக்கே பயிற்றுநராகத் திரும்பினார். பழைய ஆரிஸ் அங்கே இல்லை.

வாங்கிக் கொடுத்த குழுவோடு அவர் சிறக்கவில்லை. வளர்த்த குழுவோடு சிறந்தார். இப்படித்தான் நான் இந்தப் பட்டியலைப் படிக்கிறேன். கிரேக்கத்தில் ஒலிம்பியாக்கோஸ் ரசிகர் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்.

திங்கட்கிழமை காலை அந்த அறிக்கையைத் திருத்தாமலே திருப்பி அனுப்பினேன், மூன்று கேள்விகளோடு. எழுதியவர் என் மேசைக்கு வந்து, "அண்ணே, இது வரைக்கும் நீங்க எப்பவும் சரி பண்ணிடுவீங்களே, ஏதாச்சும் கோபமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் முறை வந்த அறிக்கை நான் எழுதியிருக்கக்கூடியதைவிடச் சுமார்தான். அப்படியே மேலே அனுப்பினேன். அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகன் இப்போது வார இறுதியில் புளோக்குக்குக் கீழே உள்ள திடலில் பிக் அண்ட் ரோல் பழகுகிறான். சுவராக நிற்பதற்கு யாரும் ஒத்துக்கொள்வதில்லையாம். எல்லாருக்கும் பந்து வேண்டும். அவனுக்கு நான் காட்டிய கடைசிக் காணொளி 2024 சூலையில் எடுத்தது. அதே பிரேயஸ், அதே 'அமைதி, நட்பு' அரங்கம். கிரேக்கம் குரோவேஷியாவை 80-69 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறுகிறது. யானாக்கிஸ் கொண்டுபோன 2008-க்குப் பிறகு முதல் முறை. திடலில் யானிஸ் அடெடொகும்போ. வெளிக்கோட்டில் கறுப்புச் சட்டை போட்டு நிற்பவரைக் காட்டி, "யார் தெரியுதா?" என்று கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை. சைத்தாமாவில் 22 புள்ளிகள் எடுத்த ஸ்பனூலிஸ். அடுத்த ஆண்டு ரீகாவில் பின்லாந்தை 92-89 என்று வென்று ஐரோப்பிய வெண்கலத்தையும் அவர் குழு வாங்கியது.

"இவரும் கோச் ஆயிட்டாரா?" என்றான் பையன். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி ஓடினான்.